கோல் கணக்கு சொல்லாத ஆட்டம்

நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் இளம் ஹாக்கி வீரரை ஏலத்துக்கு முன் மதிப்பிடுவது பெரிய வித்தை இல்லை. தொடர் முழுக்கக் கோல் போட்ட பையனை ஸ்கோர் ஷீட்டே காட்டிக்கொடுத்துவிடும். அதே தொடரில் தடுமாறி, பட்டியலின் அடியில் போய்விட்ட பத்தொன்பது வயது ஃபார்வர்டிடம் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் தேர்ந்த கண் வேண்டும். ஸ்கவுட் எனப்படும் தேர்வாளரின் கலை அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் இந்தக் கலைக்கு ஒரு சந்தையை உண்டாக்கியது ஹாக்கி இந்தியா லீக். 2013-இல் தொடங்கி 2017-க்குப் பிறகு நின்றுபோன அந்தப் போட்டி மீண்டும் உயிர்பெற்றபோது, 2024 அக்டோபர் 13 முதல் 15 வரை டெல்லியில் ஏலம் நடந்தது. ஓர் ஆடவர் அணிக்கு 24 பேர். அவர்களில் 16 பேர் இந்தியர், 8 பேர் வெளிநாட்டவர். இந்தியர்களில் நால்வராவது ஜூனியராக இருக்க வேண்டும் என்பது விதி. அடிப்படை விலை 2, 5, 10 லட்சம் ரூபாய் என மூன்று படிகளில் இருந்தது. இந்திய அணித் தலைவராக இருந்த ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். அவருடைய மதிப்பைச் சொல்ல எந்தத் தேர்வாளரும் தேவைப்படவில்லை. தமிழ்நாடு டிராகன்ஸ் உட்பட எட்டு அணிகளும் நிரப்பியாக வேண்டியிருந்த ஜூனியர் இடங்கள்தான் தேர்வாளர் தம் கூலிக்கு உழைத்த இடம்.

ஃபார்வர்டின் கோல் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அதன் பலவீனம் புரியும். அரைவட்டமான 'டி'க்குள் நுழைந்து, தடுப்பவரின் காலில் பந்தைப் பட வைப்பவர் ஒருவர். அதனால் கிடைக்கும் பெனால்டி கார்னரை டிராக் ஃபிளிக் செய்து வலைக்குள் அனுப்புபவர் இன்னொருவர். கோல் இரண்டாமவர் பெயரில் ஏறும். ஓர் ஆட்டத்தில் மூன்று பெனால்டி கார்னர் வாங்கிக் கொடுத்த பையனின் பெயருக்கு நேரே கோல் கணக்கில் பூஜ்யம் இருக்கும். ஆட்டத்தின் போக்கிலேயே விழும் களக் கோலின் அருமையை லீக்கே ஒருமுறை உணர்ந்து, 2016-இல் அதற்கு இரண்டு கோல் மதிப்புக் கொடுத்துப் பார்த்தது. ஆடிய நேரமும் கணக்கில் சேர வேண்டியதுதான். ஆட்டம் பதினைந்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபார்வர்ட் சில நிமிடம் ஆடுவார், வெளியே வருவார், மறுபடி போவார். பயிற்சியாளர் யாரை எப்போது இறக்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளாமல் வெறும் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

எந்தப் பக்கம் ஆட வைத்தார்கள் என்பது இதைவிட நுட்பமானது. ஹாக்கியில் இடக்கை மட்டை கிடையாது. மட்டையின் உருண்டையான பின்புறத்தால் பந்தைத் தொடுவதும் குற்றம். வலது ஓரத்தில் ஓடுபவருக்கு நடுவே அடிப்பது இயல்பாக வரும். இடது ஓரத்தில் ஓடுபவரோ, அதே பந்தை நடுவுக்கு அனுப்ப உடலைச் சுற்றிக் கால்களைப் பந்துக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். இல்லையேல் மட்டையைக் கவிழ்த்து ரிவர்ஸில் அடிக்க வேண்டும். வலது ஓரத்தில் வளர்ந்த ஒருவரை, அணியில் ஆள் குறைவு என்று இடது ஓரத்துக்கு மாற்றினால் சில மாதங்களுக்கு அவர் ஆட்டம் சரியத்தான் செய்யும். அந்தச் சரிவைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடும் குறிப்பேடுகள் உண்டு. இந்தத் துறையில் மன்னிக்கக் கடினமான பிழை அதுதான்.

நல்ல தேர்வாளர் பந்தைத் தொடர்ந்து ஓடமாட்டார். தாம் பார்க்க வந்த பையனை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். பந்து வருவதற்கு முன் அந்த வீரர் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாரா? பார்த்தவருக்கு, பந்து மட்டையில் படும்போதே அடுத்த வேலை தெரிந்திருக்கும். வாங்கும்போது உடல் பாதி திரும்பி, எதிரணியின் கோல் பக்கம் திறந்திருக்கிறதா? முதுகைக் காட்டி வாங்குபவர் பந்தை வந்த வழியே திருப்பி அனுப்பத்தான் முடியும். ஸ்டாப்பிங்கில் பந்து மட்டையோடு சாய்ந்து நிற்கிறதா, ஒரு முழம் தள்ளித் தெறிக்கிறதா? தெறித்த அந்த ஒரு முழத்தில் தடுப்பவர் வந்து சேர்ந்துவிடுவார். பந்தே வராத ஓட்டங்களும் உண்டு. ஒரு ஃபார்வர்ட் வெளியே விலகி ஓடித் தன்னோடு ஒரு தடுப்பவரை இழுத்துப் போக, காலியான இடத்தில் தோழன் புகுந்து கோல் போடுகிறான். அரங்கம் தோழனுக்குக் கைதட்டும். மாடியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மட்டும் விலகி ஓடியவரின் ஜெர்சி எண்ணைக் குறித்துக்கொள்வார். இந்த விளையாட்டைப் பார்ப்பதில் இதைவிட நிறைவான கணம் குறைவு.

பந்தை இழந்த பிறகு வரும் முதல் ஐந்து அடிகள் தனியே பார்க்கத் தகுந்தவை. தலையைக் குனிந்து நிற்கிறாரா, உடனே திரும்பி விரட்டுகிறாரா? நான்காம் கால்பகுதியில், கால் தளர்ந்த நேரத்தில், இது இன்னும் துல்லியமாகத் தெரியும்.

தமிழ்நாட்டு இளைஞரை மதிப்பிடும்போது எந்தத் தரையில் ஆடிப் பழகினார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மண் தரையில் பந்து துள்ளும். அதை அடக்கப் பழகியவரின் பார்வை பந்திலேயே தங்கிவிடும். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் பந்து நேராக, மிக வேகமாக வரும். அங்கே தலை நிமிர்ந்திருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குக் காலம் பிடிக்கும். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும் கோவில்பட்டி, தலைமுறைகளாக ஹாக்கியை மண்ணிலேயே வளர்த்த ஊர். அங்கே பயின்று உருவான அரியலூர் கார்த்தி செல்வம், 2022 மே 23 அன்று ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இறங்கி, முதல் கால்பகுதியிலேயே கோல் போட்டார்.

கோவில்பட்டியிலிருந்து பெங்களூரில் உள்ள தேசியப் பயிற்சி முகாமுக்குப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை மதுரை, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் செல்கிறது. முகாமுக்குப் போகும் வழியில் இருந்தும், கோவில்பட்டிக்குரிய ஹாக்கி மரபு ஓசூருக்கு வாய்க்கவில்லை. 1980 முதல் மொபெட்டும் லாரியும் செய்துவரும் ஊர் அது. ஆலைப் பரிசோதனையில் உதிரிப் பாகத்தைக் கேஜ் எனும் அளவுக் கருவியில் நுழைத்துப் பார்த்து, நுழைய வேண்டிய அளவில் நுழைந்து, நுழையக் கூடாத அளவில் நுழையாமல் இருந்தால்தான் ஏற்பார்கள், இல்லையேல் ஒதுக்குவார்கள். வளரும் வீரரை அப்படி ஒரே அளவில் சோதித்து ஒதுக்க முடியாது. ஹாக்கி மரபு இல்லாவிட்டாலும் ஓசூரைத் தேர்வாளர்கள் கவனிக்க ஒரு காரணம் உண்டு. 2022-இல் அங்குள்ள மின்னணு ஆலை ஒன்றுக்கு ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடி இளம்பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். ஜார்க்கண்ட், வெற்றி பெற்ற அணிக்கு ஆட்டுக்கிடாவைப் பரிசாகத் தரும் கிராமப் போட்டிகள் நடக்கும் மாநிலம்; இந்திய மகளிர் அணிக்கு நிக்கி பிரதானையும் சலீமா டெட்டையும் தந்த மண். 2025 ஜனவரியில் முதல் மகளிர் ஹாக்கி இந்தியா லீக்கும் ராஞ்சியில்தான் நடந்தது. ஷிஃப்ட் முடிந்த மாலையில் ஓசூர் விடுதிகளின் அருகே ஒரு மைதானமும் பத்து மட்டைகளும் இருந்தால், அங்கே பார்க்கக் கிடைக்கும் ஆட்டம் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லாததாக இருக்கும்.

பிறர் ஒதுக்கியவரிடம் மிச்சமிருப்பதைத் தேடும் பொறுமைக்கு ஐஸ் ஹாக்கியில் புகழ்பெற்ற சான்று ரஷ்யாவின் பாவெல் தத்ஸ்யுக். வட அமெரிக்க லீக்கின் டிராஃப்ட் எனப்படும் வீரர் தேர்வில் பெயர் கொடுக்கும் வயது வந்தும் இரண்டு ஆண்டுகள் எந்த அணியும் அவரைத் தொடவில்லை. உடல் சிறியது என்பது குறை. டெட்ராய்ட் அணியின் ஐரோப்பியத் தேர்வாளர் ஹாக்கான் ஆண்டர்சன், வேறொரு வீரரைப் பார்க்கப் போன ஆட்டத்தில் அவரைக் கவனித்தார். 1998-இல் 171-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட தத்ஸ்யுக், 2002-இலும் 2008-இலும் அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணிகளில் ஆடினார். தத்ஸ்யுக் எடுக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டே, 1999-இல், ஆண்டர்சனின் பரிந்துரையில் 210-ஆவதாக வந்தவர் ஹென்ரிக் செட்டர்பெர்க்.

இத்தகைய கதைகள் ஒரு மயக்கத்தையும் உண்டாக்கும்: சறுக்கிய ஒவ்வொருவரும் மறைந்திருக்கும் மாணிக்கம் என்று. அது உண்மையில்லை. பக்கத்தை மாற்றியும், போதிய நேரம் ஆட விட்டும், புல்தரை பழகிய பிறகும் ஒருவரின் ஸ்டாப்பிங் தெறித்துக்கொண்டே இருந்தால், தோளுக்குப் பின்னால் பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டிருந்தால், வேண்டாம் என்று எழுதத் தேர்வாளருக்குத் துணிச்சல் வேண்டும். ஒரே ஆட்டத்தைப் பார்த்து வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுத முடியாது. வலுவான எதிரணியோடு ஓர் ஆட்டம், வலுவற்ற அணியோடு ஓர் ஆட்டம், அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது ஓர் ஆட்டம் என மூன்று ஆட்டங்களையாவது பார்த்தாக வேண்டும். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை அதற்கு வாய்ப்பான இடமாக இருந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, 4-2 என வென்றது. பின்தங்கியிருந்த அந்த நேரத்தில் யார் பந்தைக் கேட்டு ஓடினார், யார் ஒதுங்கி நின்றார் என்பதைக் குறித்து வைத்தவருக்கு ஏல மேசையில் வேறு புள்ளிவிவரம் அதிகம் தேவைப்படாது.