ஊருக்கு இருபதாயிரம்

இந்தப் பக்கத்தில் சினிமாவை விமர்சித்திருக்கிறேன். பட்ஜெட்டை விமர்சித்திருக்கிறேன். கல்யாணச் சாப்பாட்டைக்கூட விட்டதில்லை. இந்த வாரம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு தாள். வழுவழு தாள், இரண்டு பக்கமும் கலர். தலைப்பு: ‘எட்டே நாளில் பிரிட்டன்!’

போன மாதம் நண்பர் ஒருவர் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. “மே மாசம் போகலாம்னு இருக்கோம். நீங்கதான் போயிட்டு வந்திருக்கீங்களே... பார்த்துச் சொல்லுங்க.”

ஆமாம், போயிருக்கிறேன். 2018 மே மாதம். கம்பெனி வேறு, ஆனால் தாள் கிட்டத்தட்ட இதேதான். அதே ஒன்பது ஊர், அதே வரிசை.

படித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் லண்டன். மூன்றாம் நாள் ஸ்டோன்ஹெஞ்ச், பாத், இரவு கார்டிஃப். நான்காம் நாள் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு, இரவு மான்செஸ்டர். ஐந்தாம் நாள் வின்டர்மியர் ஏரி, இரவு கிளாஸ்கோ. ஆறாம் நாள் எடின்பரோ. ஏழாம் நாள் யார்க் வழியாக மறுபடி லண்டன். எட்டாம் நாள் விமானம். படிக்கும்போதே பெட்டியை எடுத்துக் கட்டத் தோன்றுகிறதா, இல்லையா? நல்ல எழுத்துக்கு அதுதான் அடையாளம்.

ஆனால், இந்த எழுத்துக்குத் தனி அகராதி உண்டு. அது தெரியாமல் படிக்கக் கூடாது.

‘பனோரமிக் டூர்’ என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. ‘போட்டோ ஸ்டாப்’ என்றால் உள்ளே போகப்போவதில்லை என்று அர்த்தம். பாத் நகரத்து ரோமானியக் குளியல் மண்டபத்தின் வாசல் எனக்கு நன்றாகத் தெரியும். குளம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். ‘அட் லெஷர்’ என்றால் அன்றைக்கு வழிகாட்டி கிடையாது, சோற்றுக்கும் நீங்களே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். ‘அல்லது அதற்கு இணையான ஓட்டல்’ என்பது நட்சத்திரத்தில் இணை. இடத்தில் இணை அல்ல. எங்களுக்குக் கிடைத்த ‘எடின்பரோ ஓட்டல்’ நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்.

மான்செஸ்டரில் நாங்கள் பார்த்தது ஒரு படுக்கை. இரவு எட்டரைக்கு இறங்கி, காலை ஏழரைக்கு ஏறினோம். ஆனால் தாளில் அது ஒரு ஊர்!

தப்பு எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? வரைபடத்தில். உலகப் படத்தில் பிரிட்டன் கட்டை விரலுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. ‘இத்தனூண்டு நாடு, ஒரு வாரம் போதாதா?’ என்று தோன்றும். லண்டனிலிருந்து எடின்பரோ சாலை வழியாகச் சுமார் 650 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. நாம் அதை ஒரே மூச்சில் போய்விட்டு வழியெல்லாம் ‘பார்த்தோம்’ என்று சொல்வோமா?

எனக்கு பி.காம் புத்தி. திரும்பி வந்த பிறகு ஒரு பேரேடு போட்டேன். மொத்தம் சாலையில் சுமார் 1,700 கிலோமீட்டர். சக்கரம் சுற்றிய நேரம் ஏறக்குறைய 25 மணி. சாப்பாடு, கழிப்பறை, பெட்டி ஏற்றி இறக்குவது, தலை எண்ணுவது, காணாமல் போன தலையைத் தேடுவது எல்லாம் தனி. லண்டனை நீக்கிவிட்டால், பஸ்ஸை விட்டு இறங்கி, சொந்தக் காலில் நின்று, எதையாவது உருப்படியாகப் பார்த்த நேரம் பதினோரு மணி. ஐந்து நாளில் பதினோரு மணி!

இதில் இன்னொரு கூத்து. மே கடைசியில் அங்கே ராத்திரி ஒன்பது வரை வெளிச்சம். ஆனால் மியூசியங்களும் மாளிகைகளும் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக்குக் கதவைச் சாத்திவிடும். ஆக, கதவு திறந்திருக்கிற நேரத்தில் நாங்கள் பஸ்ஸில். வெளிச்சம் இருக்கிற நேரத்தில் பெட்ரோல் பங்க் பக்கத்தில்.

டூர் கம்பெனியைத் திட்டுவது சுலபம். திட்டப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது என் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, நான்கு ஊர், ஆளுக்கு 1,60,000 ரூபாய். இன்னொன்று, ஒன்பது ஊர், 1,80,000. நான் என்ன செய்தேன்? வகுத்துப் பார்த்தேன். முதலாவதில் ஊருக்கு நாற்பதாயிரம். இரண்டாவதில் ஊருக்கு இருபதாயிரம். ஆஹா, பாதி விலை! மனைவியிடம் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன். கடைக்காரர் நாம் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் தட்டில் வைப்பார். நாம் ஊரை எண்ணினோம், ஊர் கொடுத்தார்கள்.

வகுத்தது சரிதான். வகு எண்தான் தப்பு.

அது எவ்வளவு பெரிய தப்பு என்பது ஏழாம் நாள் யார்க்கில் தெரிந்தது.

எங்களோடு அப்பா வந்திருந்தார். அப்போது வயது 74. அம்மா ‘எனக்கு ஏரோப்ளேனே வேண்டாம்’ என்று தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஃபோர்மேனாக ரிடையர் ஆனவர். நீராவி இன்ஜின் காலத்து ஆள். பயணச் செலவில் கிட்டத்தட்ட பாதி அவருடைய ஃபிக்ஸட் டெபாசிட். ஆறு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார். ரயில்வே பழக்கம்.

யார்க்கில் பஸ் நின்றது. பெரிய தேவாலயம், போட்டோ ஸ்டாப், ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம்கூட எங்களுக்காகக் கொடுத்ததல்ல என்று பிறகு தெரிந்தது. அங்கே பஸ் ஓட்டுநர் தொடர்ந்து நாலரை மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. முக்கால் மணி ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அது சட்டம். எடின்பரோவிலிருந்து யார்க் நாலு மணி நேரத்துக்கு மேல். ஆக, ஓட்டுநரின் ஓய்வோடு கால் மணி சேர்த்து, ‘யார்க் நகரம்’ என்று தாளில் போட்டிருக்கிறார்கள்.

அப்பா தெருமுனையில் ஒரு கைகாட்டிப் பலகையைப் பார்த்தபடி நின்றார். தேசிய ரயில்வே மியூசியம்.

“மல்லார்ட் இங்கதாம்பா இருக்கு” என்றார்.

மல்லார்ட் ஒரு நீராவி இன்ஜின். 1938 ஜூலையில் மணிக்கு 126 மைல் ஓடியது. அதாவது 200 கிலோமீட்டருக்கு மேல். நீராவி இன்ஜினில் உலக சாதனை அதுதான். அந்த மியூசியத்துக்கு அனுமதி இலவசம். தேவாலயத்திலிருந்து நடந்தே போகலாம், இளவட்டம் என்றால் கால் மணி. அப்பா நடைக்கு அரை மணி. போக அரை, வர அரை. கணக்கு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஏம்பா, இந்த ஊர்ல நைட்டு தங்கலையா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லைப்பா. லண்டன் போய்டுறோம்.”

“சரி சரி.” வாட்சைப் பார்த்துவிட்டு பஸ்ஸை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸில் கேட்டேன், “இது இங்க இருக்குன்னு முன்னாடியே தெரியுமாப்பா?” தெரியுமாம். அப்ரண்டிஸாக இருந்த காலத்திலிருந்தே மல்லார்டைத் தெரியுமாம். “அப்புறம் ஏன் சொல்லலை?”

“யாரும் கேக்கலையே.”

கோபத்தில் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்வது மாதிரி சொன்னார். லண்டன் வரும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அதுவும் பனோரமிக் டூர்தான்.

சரி, விமர்சகன் என்றால் நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த பஸ் டூர்களால் பயன் இல்லாமல் இல்லை. ராத்திரி சாதமும் பருப்பும் கிடைக்கும். பெட்டியை அவர்களே ஏற்றுவார்கள். விசா தாள்களைச் சரிபார்த்துக் கொடுப்பார்கள். ஐரோப்பாவுக்கு வாங்கிய ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது என்று பலருக்கு இவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. தனியாகப் போகத் தைரியம் இல்லாதவர்களுக்கு இது பெரிய துணை. நான் குறை சொல்வது பஸ்ஸை அல்ல. ஒன்பதை.

அப்படியானால், எட்டு நாளில் ஒரு குடும்பம் உருப்படியாக எதைத்தான் பார்க்கலாம்? என் நண்பருக்குப் போட்டுக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். மூன்றே ஊர்: லண்டன் நாலு ராத்திரி, யார்க் ஒன்று, எடின்பரோ இரண்டு. மூன்றும் ஒரே ரயில் பாதையில். லண்டன் கிங்ஸ் கிராஸில் ஏறினால் யார்க் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து எடின்பரோ இன்னும் இரண்டரை. வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நியூகாசில் தாண்டியதும் கடல் கூடவே வரும். விமான டிக்கெட்டை லண்டனில் இறங்கி எடின்பரோவில் ஏறுவது மாதிரி வாங்குங்கள். வளைகுடா வழியாகத் திரும்பலாம். பார்த்த சாலையையே திரும்பப் பார்க்கிற ஒரு முழுநாள் மிச்சம்.

ரயில் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினால்தான் மலிவு. கடைசி நேரத்தில் ஸ்டேஷனில் போய் நின்றால் கண்ணில் தண்ணீர் வரும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் குடும்ப ரயில் கார்டு ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் தள்ளுபடி.

லண்டனில் ஒரு நாளைக்குக் காசு கொடுத்துப் பார்ப்பது ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கோஹினூர் இருக்கும் டவர் ஒரு நாள். ஹாரி பாட்டர் ஸ்டுடியோ இன்னொரு நாள். அது ஊருக்கு வெளியே, போக வர அரை நாளுக்கு மேல் போய்விடும்; வாசலில் டிக்கெட் கிடையாது, முன்பதிவு மட்டும்தான். மிச்ச நேரத்துக்கு இலவசமாகவே பெரிய பெரிய மியூசியங்கள். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தில் 25 மீட்டர் நீளத் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள், செல்போன் ஞாபகமே வராது. பஸ்ஸில் 2014-லிருந்து ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். 11 வயதுக்குக் கீழ் இருந்தால் பெரியவர்களோடு பஸ்ஸிலும் பாதாள ரயிலிலும் இலவசம்.

வெளியூர் போக ஆசையா? பாத், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்டோன்ஹெஞ்ச். மூன்றில் ஒன்று. மூன்றும் ஒரே நாளில் என்று யாராவது சொன்னால், மறுபடி அகராதியைப் புரட்டுங்கள்.

‘வேல்ஸ் இல்லையே, ஏரி இல்லையே’ என்பீர்கள். இல்லைதான். லாக் நெஸ் ஏரியும் இல்லை. எடின்பரோவிலிருந்து அதற்கு ஒரு நாள் டூர் என்றால் ஏறக்குறைய 12 மணி நேரம், பெரும்பகுதி சாலையில். ஒரு பயணத் திட்டம் நேர்மையானதா என்று அறிய, அதில் அடிக்கப்பட்ட ஊர்களைப் பாருங்கள். ஒன்றுகூட அடிக்கப்படவில்லை என்றால் அது திட்டம் இல்லை, ஆசை.

இன்னொரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறது என்று டிசம்பரில் போகாதீர்கள். லண்டனில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகஸ்டில் எடின்பரோ வேண்டாம். கலை விழாவுக்கு உலகமே அங்கே இருக்கும், அறை வாடகை ஆகாயத்தில் இருக்கும்.

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. முட்டி ஒத்துழைக்கவில்லை. மல்லார்டை என் பையன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். பார்த்துவிட்டு, “சக்கரத்தோட சைஸைப் பாரு” என்றார். படத்தில் சைஸ் தெரியவில்லை. எங்களுக்காகச் சொன்னார்.

நண்பரிடம் அந்த வழுவழு தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே ஒரு வெள்ளைத் தாள். “வீட்டில் இருக்கிற ஐந்து பேர் பெயரையும் எழுதுங்க. ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு, என்ன பார்க்கணும்னு கேளுங்க. ‘எதுன்னாலும் சரி’ன்னு சொல்றவங்களை ரெண்டு தடவை கேளுங்க. அப்புறம் டிக்கெட் பார்க்கலாம்.”

நாலு நாள் கழித்து போன் செய்தார். அவருடைய அம்மா முதலில் ‘எதுன்னாலும் சரி’ என்றுதான் சொன்னாராம். இரண்டாம் தடவை கேட்டதும், அந்தச் சிவப்பு மாடி பஸ்ஸில், மேல் மாடியில், முன் சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்ற வேண்டும் என்றாராம்.

எட்டு நாள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். எந்த நாளிலும் அது இல்லை.