கழுவாத பிலிம்: ஹாஜிதோமஸ் – ஜுரைஜ் இணையரின் கலை

1985ஆம் ஆண்டு, லெபனான் உள்நாட்டுப் போரின் நடுவில், கலீல் ஜுரைஜின் மாமா கடத்தப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை. அந்தப் போரில் காணாமற்போனதாகச் சொல்லப்படும் ஏறத்தாழ 17,000 பேரில் அவரும் ஒருவர். அவருடைய பொருட்களுக்குள் கழுவாத சூப்பர் 8 பிலிம் சுருள் ஒன்று இருந்தது. பதினைந்து வருடம் அது அப்படியே கிடந்தது. கண்டெடுத்த பிறகு, கழுவுவதா விடுவதா என்று மருமகனும் அவர் மனைவி ஜொவானா ஹாஜிதோமஸும் தயங்கினார்கள். கழுவினால் ஒன்றுமே இல்லாமலும் போகலாம் அல்லவா? இந்த இணையரின் கலை முழுவதும் அந்தத் தயக்கத்துக்குள் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

இருவரும் 1969இல் பெய்ரூத்தில் பிறந்தவர்கள். கலைக்கல்லூரி அவர்களைக் கலைஞர்களாக்கவில்லை, போர்தான் ஆக்கியது. 1990இல் போர் முடிந்தது. 1991இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. கடத்தியவர்கள் அரசியல்வாதிகளானார்கள், இடிந்த நகரத்துக்குப் புதுப்பூச்சு பூசினார்கள், யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை. அந்த மௌனத்துக்குள் நின்றுதான் இவர்கள் படமெடுக்கத் தொடங்கினார்கள். திரைப்படங்களை மருமகன் கொண்டுவந்த பென்டிரைவில் பார்த்தேன். காட்சிக்கூடப் படைப்புகளைப் புத்தகப் படங்களாக மட்டுமே கண்டிருக்கிறேன். ஆகவே இதை ஓவிய விமர்சகரின் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். தமிழ் படிப்பிக்கிற ஒருவரின் வாசிப்பு, அவ்வளவுதான்.

அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது 'வண்டர் பெய்ரூத்'. அப்துல்லாஹ் ஃபரா என்றொரு புகைப்படக்காரர். அறுபதுகளின் கடைசியில் உல்லாசப் பயணத்துறைக்காகத் தபால் அட்டைப் படம் பிடித்தவர். கடற்கரை, ஹோட்டல், நீச்சல்தடாகம். போர் மூண்டதும், நகரத்தின் மீது குண்டு விழ விழ, அதே இடத்தின் நெகட்டிவை அவரும் தீயால் சுட்டுச் சிதைக்கிறார். பிறகு பிலிம் கழுவ மருந்தும் தாளும் தட்டுப்பட, படம் பிடித்துச் சுருள்களைக் கழுவாமலே அடுக்கி வைக்கிறார். ஒவ்வொரு சுருளிலும் என்ன இருக்கிறது என்பதைக் கொப்பியில் எழுதிக்கொள்கிறார். இந்த ஃபரா நிஜத்தில் இல்லாத ஆள். இணையர் இட்டுக்கட்டிய பாத்திரம்.

இங்கே எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. உண்மையான ஆட்களே காணாமற்போன நாட்டில், இல்லாத ஒருவரைச் சாட்சியாக நிறுத்தலாமா? சாட்சி சொல்பவரைப் பார்த்து "இதெல்லாம் கட்டுக்கதை" என்று சொல்லக் காத்திருப்பவர்களின் வாய்க்கு அது அவலாகிவிடாதா? இன்னொன்று, எரிந்த அட்டைகள் அளவுக்கு மிஞ்சி அழகாக இருக்கின்றன. உருகிய நிறங்களைப் பார்த்து ரசிக்கிற கண், ஹோட்டலுக்குள் இருந்தவர்களை மறந்துவிடுகிறது. ஆனால் கழுவாத சுருள்களின் பகுதியை என்னால் தட்டிவிட முடியவில்லை. அங்கே படமே இல்லை. கொப்பியில் எழுதிய வரிகள்தான் உண்டு. பார்க்க வந்தவரை அவை வாசகராக்கிவிடுகின்றன. சொல்லைக் கொண்டு காட்சியைக் கட்டி எழுப்பும் வேலை நம் தலையில் விழுகிறது.

மாமாவின் சுருளை 2000களின் தொடக்கத்தில் கடைசியில் கழுவித்தான் பார்த்தார்கள். வெள்ளை மூடிப்போயிருந்தது. அந்த வெள்ளைக்குள் அடுக்கடுக்காகத் தேடி, ஒரு படகையும் சில மனித உருவங்களையும் மங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். 'லாஸ்டிங் இமேஜஸ்' (2003) அதுதான். பிறகு மூன்று நிமிடப் படத்தின் 4,500 சட்டகங்களையும் சிறு சிறு தாளில் அச்சிட்டுச் சுவரில் பதித்தார்கள். இங்கே கற்பனை ஆள் யாருமில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டவுமில்லை. தெரிந்த அளவுக்குத்தான் தெரிகிறது. ஃபராவைவிட இந்த வெள்ளைச் சுவரையே நான் நம்புகிறேன்.

அவர்களுடைய ஆகச்சிறந்த படைப்பு எதுவென்று கேட்டால் 'கியாம்' ஆவணப்படத்தைச் சொல்வேன். இஸ்ரேல் ஆக்கிரமித்திருந்த தென் லெபனானில், அதன் கூலிப்படை நடத்திய தடுப்பு முகாம் அது. 1999இல் படமாக்கியபோது முகாமுக்குள் யாரும் போக முடியாது, காட்டப் படமும் கிடையாது. எனவே விடுதலையான ஆறு பேரைக் கதிரையில் இருத்திப் பேசவிட்டார்கள். பத்து வருடம் அடைபட்டிருந்த சுஹா பிஷாரா அவர்களில் ஒருவர். அடியையும் உதையையும் பற்றி மட்டும் அவர்கள் பேசவில்லை. காவலருக்குத் தெரியாமல் ஊசி செய்தது, பென்சில் செய்தது, மணி கோத்தது பற்றியெல்லாம் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க அறை நம் கண்முன் எழும்புகிறது. 2000இல் முகாம் திறந்து நினைவிடமானது, 2006 போரில் குண்டு விழுந்து தரைமட்டமானது. 2007இல் அதே ஆறு பேரிடமும் திரும்பப் போனார்கள், முகாமை இருந்தபடியே கட்டியெழுப்பலாமா என்ற கேள்வியுடன். கட்டடம் போய்விட்டது. பேச்சு நின்றது.

'எ பெர்ஃபெக்ட் டே' (2005) கதைப்படம். கணவர் காணாமற்போய்ப் பதினைந்து வருடமான பெண்ணை, அவர் இறந்துவிட்டதாகப் பதிய மகன் அழைத்துப் போகிறான். அந்தக் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டேன். 1990இல் வயலுக்குப் போன எங்கட மாமா வரவில்லை. இறப்புச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும் என்றார்கள். உம்மம்மா கையெழுத்துப் போடவேயில்லை. "மௌத்தான ஆளா எண்டு அல்லாஹ்வுக்குத்தானே தெரியும், நான் எப்படிச் சொல்ற?" காணாமற்போனவரை மஃப்கூத் என்று தனியாகப் பெயரிட்டு, அவர் மனைவிக்கும் சொத்துக்கும் சட்டம் பேசிய மரபு நம்முடையது. 2016இல்தான் இந்த நாட்டில் 'காணாமை' என்று ஒரு சான்றிதழ் வந்தது. அதற்கு முன்பே உம்மம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாமா கலீலுக்குத்தான் உறவு. 'மெமரி பொக்ஸ்' (2021) படத்துக்கு ஆதாரமான கொப்பிகளும் கசெட்டுகளும், பதின்வயதில் ஜொவானா பாரிஸிலிருந்த சிநேகிதிக்கு 1982 முதல் ஆறு வருடம் எழுதியும் பேசியும் அனுப்பியவை. இரண்டிலும் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது. ஒருவரின் இழப்பை மற்றவர் அமானிதமாக ஏற்றுச் சுமப்பதுதான் இந்தக் கூட்டுழைப்பின் பொருள் என்று நினைக்கிறேன். அமானிதத்தை அலங்கரிக்கவும் கூடாது, தொலைக்கவும் கூடாது. எரிந்த அட்டைகளில் முதலாவதில் கொஞ்சம் சறுக்கினார்கள். மற்றவற்றில் இரண்டையும் காத்தார்கள்.

எங்கட ஊர்களில் அப்படிக் காணாமற்போன பலருக்கு ஒரு போட்டோகூட இல்லை. அடுத்த தவணை உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் கேட்டு, இல்லாத ஒரு படத்தைச் சொல்லால் எழுதி வரச் சொல்லப் போகிறேன். அதற்கு முதல் நான் எழுத வேண்டும். மாமா, மடித்துக் கட்டிய சாரன், சைக்கிளில் மண்வெட்டி, கேட்டடியில் ஒரு காலை ஊன்றி நின்று உம்மம்மாவிடம் தண்ணி கேட்கிறார்.