சேட்டைக் கழற்றினால் உள்ளே வரலாம்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வாசலில், மாலைப் பூசைக்கு மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருக்கையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் முதுகுப்பையோடு வந்த வெள்ளைக்காரர். மற்றவர் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த தமிழர். “சேட்டைக் கழற்றிப்போட்டு வாங்கோ” என்று வாசலில் நின்ற பெரியவர் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது, கைச்சாடை போதுமாயிருந்தது. கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சென்னைக்காரர்தான் நின்றார். “என்னங்க இது, கேரளா மாதிரி? நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாதே.”

யாழ்ப்பாணத்தவருக்குச் சுடுவது அந்தக் ‘கேரளா மாதிரி’தான். சென்னையில் ஓட்டோவில் ஏறி வாயைத் திறந்ததும் “நீங்க மலையாளமா?” என்று கேட்கப்பட்டுக் காது புளித்தவர்கள் அவர்கள். அதே கேள்வி வேறு உடுப்பில் நல்லூர் வாசலுக்கே வந்துவிட்டது. போதாததற்குத் தகவலும் பிழை. திருச்செந்தூர் முருகன் சந்நிதிக்குள் ஆண்கள் மேற்சட்டையோடு போவதில்லை. சுசீந்திரத்திலும் கன்னியாகுமரியிலும் அப்படியே. திருச்செந்தூர் சென்னைக்குத் தூரம்தான். அதற்காக அது தமிழ்நாடு இல்லையென்று ஆகிவிடாதே.

இன்னொன்றையும் அந்தச் சென்னைக்காரர் மறந்துவிட்டார். பலாலியில் இறங்கியபோது அவருடைய கடவுச்சீட்டில் முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. சட்டப்படி அவரும் அந்த வெள்ளைக்காரரும் ஒரே வரிசைதான். இந்தியாவில் இந்த வரிசைக்குப் பெயர் ‘சுற்றுலாப் பயணி’, இலங்கையில் ‘உல்லாசப் பயணி’. சுற்றிப் பார்க்க வந்தவர் ஓரிடத்தில், உல்லாசமாக இருக்க வந்தவர் இன்னோரிடத்தில். ஆனால் உல்லாசப் பயணியிடம்தான் சேட்டைக் கழற்றச் சொல்கிறார்கள்.

சொற்கள் இப்படித்தான் விளையாடும். தமிழ்நாட்டில் பிராகாரம் என்பது யாழ்ப்பாணத்தில் வீதி: உள்வீதி, வெளிவீதி. “சுவாமி வெளிவீதி வருகிறார்” என்றால் மதுரைக்காரர் பேருந்து ஓடும் தெருவைத்தான் நினைப்பார். நல்லூரில் 25 நாள் திருவிழாவின்போது வாகனங்களை மறித்து, அந்த வீதியில் மணல் பரப்பிவிடுவார்கள். ஆண்கள் விடியற்காலையில் அதில் உருளுவது பிரதட்டை. பெண்கள் விழுந்து விழுந்து கும்பிட்டுப்போவது அடியழித்தல். அங்கே காலணி, இங்கே பாதணி. அங்கே அர்ச்சனை டிக்கெட், இங்கே அருச்சனைச் சிட்டை. நல்லூரில் அதன் விலை ஒரே ஒரு ரூபாய் என்பதை எந்த விருந்தினரிடமும் சொல்லாமல் யாழ்ப்பாணத்தவர் விடுவதில்லை.

வெளிநாட்டாரை நடத்துவதில்தான் இரு கரைகளும் உண்மையாக வேறுபடுகின்றன. தமிழ்நாட்டின் பல பெரிய கோயில்களில் வெளிநாட்டவர் கொடிமரம் வரை போகலாம். அதற்கு அப்பால் இந்துக்களுக்கு மட்டுமே வழி. பழனி தொடர்பான வழக்கில், அப்படியான அறிவிப்புப் பலகைகளை வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் அரைக்காற்சட்டைக்காரர்கள் வெளியே வேட்டி வாங்கிச் சுற்றிக்கொண்டு, கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு, பொற்றாமரைக் குளம் வரை அழகாக நடந்து போகிறார்கள். அம்மனை மட்டும் பார்க்க முடியாது. நல்லூரோ ‘நீ யார்’ என்று கேட்பதில்லை, ‘எப்படி வந்திருக்கிறாய்’ என்றுதான் கேட்கிறது. அலங்காரக் கந்தனின் தீபாராதனையை, முந்தாநாள் விமானத்தில் வந்திறங்கியவரும் வெற்றுடம்போடு நின்று பார்க்கலாம். படம் எடுக்கத்தான் கூடாது.

உடுப்பு விஷயத்தில் தமிழ்நாடு ஒரு முறை அவசரப்பட்டதும் உண்டு. மதுரை அமர்வின் உத்தரவுப்படி 2016 ஜனவரி 1 முதல் கோயில்களில் ஆடைக் கட்டுப்பாடு வந்தது. ஜீன்ஸ்காரர்கள் வாசலிலேயே திரும்பினார்கள். சில வாரங்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது. நல்லூரில் எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை, எதுவும் நிறுத்தவும் இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தவரின் தமிழ்நாடு பெரும்பாலும் ஒரு கிழமைத் தமிழ்நாடு. பலாலியிலிருந்து சென்னை, அங்கிருந்து வான் பிடித்துச் சிதம்பரம், மதுரை, பழனி, கடைசி நாள் தி.நகரில் புடைவை. மதுரைக்காரர் ஒருவர் எதிர்வழக்காட வந்தால் அவர் கையில் சான்றுகள் கூடுதலாகவே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலைத்தான் அவர் முதலில் எடுத்து வைப்பார். அங்கே இவ்வளவு கெடுபிடி இல்லை.

ஆனால் நயினாதீவு அவரிடம் இருக்காது. குறிகட்டுவானில் படகேறினால் கால் மணிநேரம் சொச்சத்தில் தீவு. இறங்கியதும் நாகபூஷணி அம்மன் கோயில். ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும். சிறிது தூரம் நடந்தால் சிங்கள பௌத்தர்கள் திரண்டு வரும் நாகதீப விகாரை. அங்கே தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அம்மனுக்கு முன் மரியாதையாயிருந்த வெற்றுத்தோள் புத்தருக்கு முன் அவமரியாதை. ஒரு முற்பகலுக்குள் சேட்டைக் கழற்றி, திரும்ப மாட்டி, தொப்பியையும் எடுக்க வேண்டும். இதில் தடுமாறும் ஐரோப்பியர்களை வழிப்படுத்துவது பெரும்பாலும் படகில் கூட வந்த ஆச்சிமார்தான். மொழி தேவைப்படுவதில்லை. சால்வை நுனியைப் பிடித்து இழுத்தால் விளங்கிவிடும்.

விகாரைப் பக்கத்துத் தவறுகளுக்கு விலை கூடுதல். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதே பிழை. சிலையை முத்தமிடுவதுபோலப் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு 2012 ஓகஸ்டில் காலி நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. காட்டிக்கொடுத்தது, அவர்கள் படம் அச்சிடக் கொடுத்த கடை. 2014இல், கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்காவில் இறங்கியதுமே பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2017இல் இலங்கை உயர் நீதிமன்றம் சொல்லி நட்டஈடு வழங்கியது. அவர் பௌத்தத்தின் மீதிருந்த பற்றினால்தான் பச்சை குத்திக்கொண்டிருந்தார். மதுரையில் கொடிமரத்தோடு முடிகிற விஷயம் இலங்கையில் மறியல் வரை போகிறது. “அது தெற்கின் கதை” என்று யாழ்ப்பாணத்தார் கழன்றுகொள்வதுண்டு. கடவுச்சீட்டில் விழுகிற முத்திரை என்னவோ ஒன்றுதான்.

கழன்றுகொள்ள முடியாத கதையும் இருக்கிறது. நல்லூர் ‘நீ யார்’ என்று கேட்பதில்லை என்று மேலே சொன்னது இன்றைக்கு உண்மை; யாழ்ப்பாணக் கோயில்களுக்கு என்றைக்கும் உண்மை அல்ல. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப்போனது 1939 ஜூலை 8. யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அதே உரிமைக்காக மக்கள் அடிபட்டு நின்றது 1968இல். வெள்ளைக்காரருக்குக் கதவு திறந்த பெருமையைப் பேசுகிறவர்கள், பக்கத்துக் குறிச்சிக்காரர் வெளியே நின்ற இந்த வருடங்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பேசுவது குறைவு.

சென்னைக்காரர் கடைசியில் கழற்றினார். உள்வீதி சுற்றி, பூசை பார்த்து வெளியே வந்தவர், சட்டையைத் தோளிலேயே போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு ஐஸ்கிறீம் கடைப் பக்கம் நடந்தார். “உள்ளே காற்று நல்லா வருதுங்க” என்பதுதான் அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம். இதைப் படித்துவிட்டு நல்லூருக்குப் புறப்படுகிறவர்கள் ஒரு சால்வை கொண்டுபோவது நல்லது. அதை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். தோளில் போட்டுக்கொண்டு போனால் அந்தப் பெரியவர் திரும்பவும் கூப்பிடுவார்.