இரண்டு வாசல், ஒரே எண்: பௌன்டூல்ஸின் அமைப்பும் பதிப்பும்

எக்ஸ்ப்ளாய்ட் ஸ்கிரிப்ட்டுக்கு ஆயுள் குறைவு. சிடிஎஃப் என்னும் கொடி பிடிக்கும் ஹேக்கிங் போட்டி நடக்கும் வார இறுதியில் அவசர அவசரமாக எழுதுவார்கள். கொடி கைக்கு வந்ததும் அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. அதற்கு அடியில் இருக்கும் நூலகத்தின் கதை நேர்மாறு. அது பத்தாண்டு கடந்தும் ஓட வேண்டும். 2015-இல் யாரோ எழுதிவைத்த தீர்வுக் குறிப்பைப் படித்து இன்று கற்றுக்கொள்ளும் மாணவரையும் அது கைவிடக் கூடாது. இந்த இரண்டு ஆயுளையும் ஒரே பேக்கேஜ் எப்படித் தாங்குகிறது என்பதை வைத்தே பௌன்டூல்ஸை இங்கே எடைபோடுகிறேன்.

டென்மார்க்கின் கேலப்ஸ்லெட் என்ற சிடிஎஃப் குழு தன் சொந்தத் தேவைக்காக எழுதத் தொடங்கியது இது. ஓட்டையைக் கண்டுபிடித்துத் தரும் கருவி அல்ல. ஓட்டை தெரிந்த பிறகு வரும் எடுபிடி வேலைகளைச் செய்வது. சாக்கெட்டைத் திறப்பது, எண்ணை பைட்டுகளாக மாற்றுவது, ஈஎல்எஃப் கோப்பில் சிம்பலின் முகவரியைத் தேடுவது, ஆர்ஓபி சங்கிலி கோப்பது, ஷெல்கோடை அசெம்பிள் செய்வது என்று பட்டியல் நீளும். இவற்றை அது நன்றாகச் செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவற்றை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், அந்த அடுக்கு மாறும்போது அதைப் பயனருக்கு எப்படித் தெரிவிக்கிறார்கள் என்பவைதான் இங்கே கேள்வி.

முதலில் அடுக்கு. தொடக்கத்தில் இது குழுவின் வீட்டுக்குள் புழங்கிய குட்டி மொழி போல இருந்தது. ஒரே வரியில் எல்லாவற்றையும் இம்போர்ட் செய்தால் கூடவே பல பக்கவிளைவுகளும் வந்து சேரும். 2.0-க்காக மறுபடி வடிவமைத்தபோது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆசைகள் எழுந்ததாக அவர்களே ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒழுங்கான பைத்தான் மாட்யூலாக இருக்க வேண்டும். அதே நேரம் டெர்மினலை ரா மோடுக்கு மாற்றுவது போன்ற பக்கவிளைவுகள் முன்பைவிட அதிகமாகவும் வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில் ஒன்றை விட்டுக்கொடுக்கும், அல்லது இரண்டையும் அரைகுறையாக வைத்துக்கொள்ளும். இவர்கள் பேக்கேஜையே இரண்டாகப் பிரித்தார்கள். பி, டபிள்யூ, என் என்ற மூன்றே எழுத்தில் பெயர் கொண்ட 'பௌன்' போட்டிக்கு, 'பௌன்லிப்' நூலகத்துக்கு. வீட்டுக்குத் திண்ணையும் உள்ளறையும் போல. திண்ணையில் யாரும் வந்து எதையும் பரப்பலாம், உள்ளே அது அது அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிப்புதான் பௌன்டூல்ஸின் ஆகச் சிறந்த முடிவு என்பது என் கணிப்பு. நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இம்போர்ட் செய்வதைத் தவிர்க்கச் சொல்கிறது பைத்தானின் நடைக் கையேடான பெப் 8. அது சரியான அறிவுரைதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் பராமரிக்கப்படும் நிரலுக்கு. நாற்பது வரியில் எழுதி நான்கு மணி நேரத்தில் தூக்கிப்போடும் ஸ்கிரிப்ட்டில், ஒவ்வொரு பெயரையும் அது எந்த மாட்யூலிலிருந்து வருகிறது என்று எழுதவைப்பது வீண் தண்டனை. அங்கே சுருக்கமே நேர்மை. சுருக்கத்துக்கு ஒரு வாசலும் தெளிவுக்கு இன்னொரு வாசலும் திறந்துவைத்து, எந்த வாசலில் நுழைகிறோம் என்பதை முதல் வரியிலேயே தெரியவைப்பது நல்ல கட்டடக்கலை.

திண்ணைக்கு விலை இல்லாமல் இல்லை. அந்த ஒற்றை வரி நூற்றுக்கணக்கான பெயர்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பைத்தானின் சொந்த மாட்யூல்களான ஓஎஸ், சிஸ், டைம் முதலியனவும் அதில் அடக்கம். அடுத்த வரியில் யாராவது மேத் மாட்யூலையும் நட்சத்திரம் போட்டு அழைத்தால், பௌன்டூல்ஸின் 'லாக்' என்ற பதிவுக்கருவி காணாமல் போய் அந்த இடத்தில் மடக்கைச் சார்பு உட்கார்ந்திருக்கும். கட்டளை வரியில் பெரிய எழுத்தில் தரும் டீபக், ரிமோட் போன்ற சொற்களை இது தனக்கென்று எடுத்துக்கொண்டு, ஆர்கியூமென்ட் பட்டியலிலிருந்து நீக்கியும்விடும். போட்டியில் இது வரம்தான்: ஸ்கிரிப்ட்டைத் திருத்தாமலேயே உள்ளூர்ப் பைனரிக்கும் தொலைவிலுள்ள சர்வருக்கும் மாறிக்கொள்ளலாம். வேறொரு பெரிய கருவிக்குள் இதே வரியை வைத்தால் அந்தக் கருவியின் ஆர்கியூமென்ட்டுகள் மாயமாகும்.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம், கேட்டு வாங்கிய பக்கவிளைவுகள் என்பதால். ஒன்றை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை இது தானாகவே வெளியே போய்ப் பார்த்து வருகிறது. நிறுத்தும் வழி ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் இயல்புநிலை 'பார்' என்பது. தாக்குதல் நுட்பங்களை ஆராயும் ஒருவரின் கணினி, அவர் கேட்காமல் இணையத்தைத் தொடவே கூடாது. இந்த இயல்புநிலை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

உள்ளறைக்கு வருவோம். பௌன்லிப்பை இம்போர்ட் செய்வதால் குறிப்பிடத்தக்க பக்கவிளைவு எதுவும் நேராது என்பது அவர்கள் தரும் வாக்கு. வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் இம்போர்ட் செய்யும்போது பக்கவிளைவு இல்லை என்பதும், அழைக்கும்போது மறைமுகச் சார்பு இல்லை என்பதும் வேறு வேறு. இரண்டாவதை அவர்கள் சொல்லவில்லை. அது உண்மையும் இல்லை. 'கான்டெக்ஸ்ட்' என்ற ஒரு பொது நிலை பௌன்லிப் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கட்டமைப்புக்கு அசெம்பிள் செய்வது, ஒரு சொல்லுக்கு எத்தனை பிட், பைட் வரிசை எது என்பதையெல்லாம் சார்புகள் அங்கே போய்த்தான் கேட்டுக்கொள்கின்றன. எதையும் சொல்லாவிட்டால் விடை 32 பிட் ஐ386.

இதன் விளைவு எளிதில் கண்ணில் படாது. 64 பிட் பைனரி ஒன்றுக்கு ஆர்ஓபி சங்கிலி எழுதுகிறோம். கான்டெக்ஸ்ட்டை அமைக்க மறந்துவிட்டோம். முகவரிகளைப் பட்டியலிட்டு 'ஃப்ளாட்' சார்பிடம் கொடுக்கிறோம். லிப்சியின் முகவரி போல நீளமான எண் ஒன்று அதில் இருந்தால் நான்கு பைட்டில் அடங்காது. பிழைச்செய்தி வரும், பிழைத்தோம். பைனரியின் சொந்த முகவரிகள், அதாவது 0x401196 மாதிரியானவை, மட்டும் இருந்தாலோ எல்லாமே நான்கு பைட்டில் அழகாக அடங்கிவிடும். எச்சரிக்கை வராது, சங்கிலியும் பாதி நீளத்தில் போய்ச் சேரும். எதிர்முனை கவிழ்ந்ததும் பிழை தன் கணக்கில் என்று நினைத்து ஆஃப்செட்டை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருப்பார் மாணவர். ஏறத்தாழ எல்லாக் கணினிகளும் 64 பிட்டாகிவிட்ட காலத்தில் இப்படி ஓர் இயல்புநிலை ஏன்? பழைய ஸ்கிரிப்ட்டுகள் உடைந்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. இயல்புநிலையே வேண்டாம், சொல்லாவிட்டால் பிழைச்செய்தி தா என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கல் எழுந்தே இருக்காது.

மாற்று வழியும் இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். பல சார்புகளுக்குக் கட்டமைப்பையோ சொல்லின் அளவையோ அழைக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் கான்டெக்ஸ்ட் மாறித் திரும்பும். ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் மாற்றும் வசதியும் உண்டு. நீடித்து ஓட வேண்டிய கருவியை எழுதுபவர் பொது நிலையைத் தொடாமலே பௌன்லிப்பைப் பயன்படுத்தலாம். வழி இருப்பதும், அதுவே முதல் வழியாகக் காட்டப்படுவதும் ஒன்றல்ல.

அமைப்பில் பாராட்ட இன்னும் இரண்டு உண்டு. ஷெல்கோடுகளைப் பைத்தான் நிரலுக்குள் சரங்களாகப் புதைக்காமல், கட்டமைப்புக்கு ஒரு கோப்புறை, அதற்குள் இயங்குதளத்துக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து, மாகோ வார்ப்புருக்களாக வைத்திருக்கிறார்கள். புதிய கட்டமைப்பு சேர்ப்பவர் எங்கே போக வேண்டும் என்பதைக் கோப்புறையே சொல்லிவிடும். இந்த வார்ப்புருக்கள் ஓடும்போதுதான் மாட்யூலாக உருவெடுக்கின்றன என்பதால் எடிட்டர்களின் தானியங்கி நிரப்பல் இங்கே தடுமாறும், ஏற்றுக்கொள்ளத்தக்க இழப்பு. இரண்டாவது, சோதனைகள். ஆவணத்தில் காட்டும் எடுத்துக்காட்டுகளே டாக்டெஸ்ட்டாக ஓடுகின்றன. எடுத்துக்காட்டு பழசாகிப் பொய்யானால் சோதனை விழும். கற்பவர்கள் அதிகம் புழங்கும் நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

இனி எண்கள். 2.2-க்கும் 3.0-க்கும் இடையில் பின்ஜிட்சு என்ற கிளைத்திட்டம் பிரிந்துபோய் வளர்ந்தது, 2016-இல் 3.0 வந்தபோது அது தாய்த்திட்டத்தோடு மீண்டும் கலந்தது. அந்த முதன்மை எண் உண்மையான ஒரு நிகழ்வைச் சொன்னது. அடுத்தது 4.0, ஜனவரி 2020. பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்த அதே மாதம். பைத்தான் 3-இல் ஓடும் பௌன்டூல்ஸ் அதிகாரபூர்வமாக வந்தது அப்போதுதான். அதுவரை பைத்தான் 3 வேண்டியவர்கள் தனிக்கிளை ஒன்றை நம்பியிருந்தார்கள். இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்பவர்கள், இந்தத் துறையில் சரம் என்பதே பைட் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பைத்தான் 2-இல் இரண்டும் ஒன்று. 3-இல் இரண்டும் வேறு. பௌன்டூல்ஸின் ஒவ்வொரு சார்பும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது.

4.0 பைத்தான் 3-ஐச் சேர்த்தது, 2.7-ஐ விடவில்லை. எண்ணிடுதலின் பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது. எழுபத்திரண்டு 'ஏ' எழுத்துகளைச் சாதாரண மேற்கோளில் எழுதி, அதோடு 64 பிட் முகவரியை மடித்து ஒட்டும் வரி எத்தனையோ பழைய தீர்வுக் குறிப்புகளில் இருக்கும். 4 வரிசைப் பதிப்பை வைத்து 2.7-இல் ஓட்டினால் அது வேலை செய்யும். அதே பதிப்பு, அதே வரி, பைத்தான் 3: சரத்தோடு பைட்டை ஒட்ட முடியாது என்று நின்றுவிடும். ஒரே எண், இரண்டு நடத்தை. எது உடைகிறது என்று சொல்ல வேண்டிய எண், அந்தப் பொறுப்பை இன்டர்பிரெட்டரிடம் தள்ளிவிட்டது.

நேராக உடைவது பரவாயில்லை. சரத்தைத் தனியாக அனுப்பினால் நூலகம் ஓர் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு குறியாக்கத்தை ஊகிக்கிறது. எல்லா எழுத்தும் 127-க்குள் இருந்தால் ஆஸ்கி, 255-க்குள் இருந்தால் லத்தீன், அதையும் தாண்டினால் முழுச் சரமும் யூடிஎஃப்-8. பேலோடில் தவறிப்போய் ஒரு தமிழ் எழுத்து கலந்தால், அதுவரை ஒற்றை பைட்டாகப் போன 0xff இனி இரண்டு பைட்டாகப் போகும். பேலோடின் நீளம் மாறினால் எக்ஸ்ப்ளாய்ட்டுக்கு அங்கேயே முடிவு. மாற்றக் காலத்தில் ஓராண்டு, ஈராண்டு ஊகிக்கலாம். வரிசை முழுக்க ஊகித்துக்கொண்டே போனது தயக்கம்.

பக்கத்து வீடுகள் இதைவிட மேலா? பைனரிகளை அலசும் ஆங்கர் ஒரே பேக்கேஜாக இல்லாமல் கிளாரிபை, பைவெக்ஸ், ஆர்க்இன்ஃபோ என்று பல துண்டுகளாக வெளிவருகிறது. எல்லாத் துண்டுக்கும் ஒரே எண், ஒன்றை மற்றொன்று அச்சொட்டாக அந்த எண்ணோடு கேட்கும். 9.2 என்பது அசையாமல் நிற்க, கடைசி இலக்கம் மட்டும் நூறைத் தாண்டி ஓடுகிறது. எது உடையும் என்பதைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை என்று மட்டும் உறுதி தருகிறது. நெட்வொர்க் நெறிமுறைகளுக்கான நூலகமான இம்பாக்கெட் 2022-இல் 0.10, 2023-இல் 0.11 என்று பூஜ்யத்திலேயே தங்கியது. நான் எந்த வாக்கும் தரவில்லை என்பதே அதன் பொருள். இவற்றோடு ஒப்பிட்டால் பௌன்டூல்ஸ் அதிகம் சொல்ல முயல்கிறது. டெவ், பீட்டா, ஸ்டேபிள் என்ற மூன்று கிளைகளும், எந்தத் திருத்தம் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்ற எழுதப்பட்ட விதியும் ஒழுக்கமானவை.

ஆனால் எந்த எண்ணாலும் சொல்ல முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. அசெம்பிள் செய்வது குனூ பின்யூட்டில்ஸ். பிப் அதைக் கொண்டுவராது. ஆர்ம் பைனரிக்கு எழுதினால் அதற்கான பின்யூட்டில்ஸைத் தனியாக நிறுவ வேண்டும். அதைவிடப் பெரியது எதிர்முனையின் பதிப்பு. குனூ லிப்சி 2.26-இல் டீகேஷ் வந்தது, 2.32-இல் அதன் சுட்டிகள் மறைக்கப்பட்டன, 2.34-இல் மல்லாக் ஹுக், ஃப்ரீ ஹுக் இரண்டும் நீக்கப்பட்டன. உபுண்டு 18.04-இல் வென்ற ஹீப் ஸ்கிரிப்ட் 22.04-இல் தோற்பதற்கு பௌன்டூல்ஸின் எண் காரணமல்ல. அந்த அறிவைப் பேக்கேஜுக்குள் புதைக்காமல், பயனர் தரும் லிப்சி கோப்பிலிருந்தே முகவரியைப் படிக்கும்படி வைத்தது சரியான எல்லைக்கோடு.

சார்புச் சுமையில் அந்த விவேகம் இல்லை. சாக்கெட்டில் நான்கு வரி அனுப்ப வேண்டியவருக்கும் பராமிகோ, யூனிகார்ன், கேப்ஸ்டோன் எல்லாம் இறங்குகின்றன. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் கணினியின் பொதுப் பைத்தானில் பிப் நிறுவ மறுப்பதால் தனிச்சூழல் கட்டாயமாகிவிட்டது. ஆங்கரையும் அதே சூழலில் வைத்தால் பொதுச் சார்புகளில் உரசல் வரலாம். விருப்பச் சார்புகளாகப் பிரித்திருக்க வேண்டிய இடம் இது.

என் தீர்ப்பு இரண்டு பகுதி. அமைப்புக்கு முழு ஆதரவு: இதே துறையில் புதிதாகப் பேக்கேஜ் எழுதுபவர்கள் இரட்டை வாசலையும் ஆவணமே சோதனையாக ஓடும் முறையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், இயல்பாகவே 32 பிட் என்று எண்ணிக்கொள்ளும் பொதுக் கான்டெக்ஸ்ட்டை எடுக்க வேண்டாம். பதிப்பிடுதலுக்குப் பாதி மதிப்பெண்: 2020 ஜனவரியில் இரண்டு பைத்தானையும் சுமந்தது நியாயம், அடுத்த ஓரிரு ஆண்டில் 5 என்று எண்ணிட்டு 2.7-ஐ இறக்கிவைக்காதது பிழை. அதே 5-இல் கட்டமைப்பின் இயல்புநிலையையும் குறியாக்க ஊகத்தையும் சேர்த்தே நீக்கியிருந்தால் பழைய ஸ்கிரிப்ட்டுகள் ஒரே முறை, சத்தமாக உடைந்திருக்கும். பழைய குறிப்பைப் படிக்கும் மாணவருக்கு அப்போது தேவைப்பட்டிருப்பது '4-ஐ நிறுவிக்கொள்' என்ற ஒரு வரிதான்.