கொல்லத் தேவனும் படைப்புரிமையும்

புராணங்கள் தாம் தோன்றிய சமுதாயத்தின் உறவுகளைத் தெய்வ உலகின்மீது ஏற்றிக் காட்டுவன. தனியொருவர் புனைந்த புராணத்துக்கும் இது பொருந்துமா? ஜே. ஆர். ஆர். ரொல்கீன் (1892-1973) எழுதி, அவர் மறைவின் பின் 1977இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' இவ்வினாவை ஆராயத் தக்க நூலாகும்.

முதல்வனாகிய இலூவாத்தார் ஐனூர் என்னும் ஆவிகளைத் தோற்றுவித்து இசைக்கப் பணிக்கிறான், அவ்விசையே உலகாகிறது. உயிரளிக்கும் அழியாச் சுடரோ அவனிடம் மட்டுமே உண்டு. அதனைத் தனதாக்க விழைந்த மெல்கோர் கலகக்காரனாகிறான்.

எனினும் நாம் ஊன்றி நோக்கவேண்டியவன் கைவினைத் தேவனாகிய ஔலே. தன் கலையைக் கற்பிக்க மாணாக்கரை விரும்பி, அவன் மறைவாகக் குள்ளரை உருவாக்குகிறான். முதல்வன் கண்டிக்கவே, அவர்களை அழிக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். அவர்கள் அஞ்சி ஒடுங்குகின்றனர். முதல்வன் இரங்கி ஏற்றுக்கொள்கிறான். ஆயினும், முதற்பிறப்பினராக விதிக்கப்பட்ட எல்வர் விழிக்கும்வரை அவர்கள் கல்லடியில் துயிலவேண்டும். உழைப்பு மன்னிக்கப்படுகிறது, படைப்புரிமை மறுக்கப்படுகிறது. படிநிலையோ பிறப்புக்கு முன்பே வகுக்கப்பட்டுவிடுகிறது.

பிற்காலக் கொடியோராகிய சௌரோனும் சருமானும் ஔலேயின் பரிவாரத்தினரே என்பது மனங்கொள்ளத்தக்கது. பேர்மிங்காமை அண்டிய கிராமத்தில் இளமையிற் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1916இல் சோம் போர்க்களத்தைக் கண்ட ரொல்கீனின் இயந்திர வெறுப்பு, வரலாற்று அனுபவத்தில் வேர்கொண்டது. அதனை வெறும் பிற்போக்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஔலே செய்தலில் மகிழ்பவன், சேர்த்துவைப்பவன் அல்லன் என நூலே வேறுபடுத்துகிறது. உடைமை வேட்கையே கேடு என்னும் இத்தெளிவு அதன் வலிமை. ஆயின், அனைத்தும் ஒருவனுக்கே உரியன என்னும் முதல் உடைமையை அது வினாவுவதில்லை. அதன் கருத்துநிலை எல்லை அதுவே எனக் கருதுகிறோம்.