சிக்கல் அவிழ்ப்பில் சில பள்ளிகள்

ஆலோசனை நிறுவனங்களில் வேலை தேடும் எம்.பி.ஏ. மாணவர்கள் இப்போதெல்லாம் மரம் வரையப் பழகுகிறார்கள். உச்சியில் லாபம், அதிலிருந்து வரவு, செலவு என்று இரண்டு கிளை, வரவுக்குக் கீழே விலையும் விற்ற அளவும். கேஸ் இன்டர்வியூவில் முதல் சில நிமிடங்களுக்குள் இதை வரைந்து காட்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நம்புகிறார்கள். பாதிக் கிணறு தாண்டியவர் எங்கே இருப்பார் என்பதை யோசிப்பதில்லை.

அந்த மரம் தவறானதல்ல. ஆனால் அது ஒரே ஒரு பள்ளியின் பாடம். வேறு பள்ளிகளும் உண்டு. ஒவ்வொன்றும் வேறொரு தொழிலில் பிறந்தது. பிறந்த இடத்தின் சாயல் இன்னும் போகவில்லை.

மரம் வரையும் பள்ளி ஒரு கணக்குப் பேராசிரியரிடம் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜேம்ஸ் மெக்கின்சி 1926-இல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். முதலில் அந்தத் துறையின் எதிர்காலம், அதில் இந்தக் கம்பெனியின் இடம். நிர்வாகமும் பணமும் அதற்குப் பிறகுதான். கணக்குப் புத்தகத்தைக் கடைசியில் திறக்கும் கணக்கர்! 1933-இல் வந்து சேர்ந்த மார்வின் பவர் சட்டம் படித்தவர். வக்கீல் அலுவலகத்தின் ஒழுக்கத்தையும் கிளையன்ட் நலனே முதல் என்ற விதியையும் அவர் கொண்டுவந்தார்.

ஆனால் இன்றைய மாணவர் கையில் இருக்கும் கருவி இந்த இருவருடையதும் அல்ல, பார்பரா மின்டோவுடையது. ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து 1963-இல் மெக்கின்சியில் சேர்ந்த அவரை, 1966-இல் லண்டனுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பிய கன்சல்டன்ட்களின் அறிக்கை எழுத்தைத் திருத்துவது வேலை. கோளாறு ஆங்கிலத்தில் இல்லை, கருத்துகளை அடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார். முடிவை முதலில் சொல்ல வேண்டும். அதைத் தாங்கும் காரணங்கள் கீழே வர வேண்டும். அந்தக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியவும் கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது. இதுதான் அவருடைய பிரமிட். கடைசி விதிக்குத்தான் 'மீசி' என்று பெயர்.

பிரமிட் பிறந்தது அறிக்கை திருத்தும் மேசையில். கண்டுபிடித்ததை எடுத்துச் சொல்வதற்கு அதைவிட நல்ல அடுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் கண்டுபிடிக்கும் வேளையில் மனம் மேலிருந்து கீழே அழகாக இறங்கி வருவதில்லை. சொல்லும் முறையையே தேடும் முறையாக எடுத்துக்கொள்வதால்தான், முதல் நாளிலேயே ஒரு விடையை வைத்துக்கொண்டு அதற்குச் சான்று சேர்க்கும் பழக்கம் வருகிறது. இந்த ஆபத்தை மெக்கின்சி நிறுவனம் பிறப்பதற்கு முன்பே ஒரு புவியியலாளர் எழுதிவைத்தார். தாமஸ் சேம்பர்லின் என்பவர். பின்னாளில் அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தன் ஊகத்தின்மேல் ஆய்வாளருக்குப் பெற்ற பாசம் வந்துவிடும், ஆகவே ஒரே நேரத்தில் பல ஊகங்களை வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும் என்பது அவருடைய 1890-ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரம். இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் இதைப் படிப்பதாகத் தெரியவில்லை.

1963-இல் பாஸ்டனில் புரூஸ் ஹெண்டர்சன் தொடங்கிய பள்ளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1970-இல் வந்த அதன் நான்கு கட்டச் சதுரத்தில் பசுவும் நாயும் நட்சத்திரமும் கேள்விக்குறியும் இருந்தன. ஒரு பெரிய குழுமம் எந்தத் தொழிலுக்குப் பணம் போடுவது என்று பார்க்க உதவும். ஒரு தொழிலுக்குள் என்ன கெட்டுப்போயிற்று என்று அது சொல்லாது.

அதைச் சொல்ல முயன்றவர்கள் கெப்னரும் டிரெகோவும். ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, அமெரிக்க விமானப்படையில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று கவனித்தவர்கள். 1958-இல் வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களுடைய கருவி ஓர் எளிய அட்டவணை: கோளாறு எங்கே இருக்கிறது, இருந்திருக்கக்கூடிய எந்த இடத்தில் இல்லை, எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை.

சென்னையில் இட்லி மாவு பாக்கெட் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டுகள் உப்பித் திரும்பி வருகின்றன. மரம் வரைபவர் அரிசி, உளுந்து, கிரைண்டர், வேன், கடை என்று முழுமையாகக் கிளை பிரிப்பார். எல்லாக் கிளையும் குற்றவாளியாகத்தான் தெரியும். கெப்னர் வழிக்காரர் கேட்பது வேறு. திங்கட்கிழமை மட்டும் வருகிறதா? ஒரே வேன் போகும் கடைகளிலிருந்து மட்டுமா? அதே நாளில் அரைத்து இன்னொரு வேனில் போன மாவு நன்றாக இருந்ததென்றால் அரிசியும் உளுந்தும் கிரைண்டரும் அந்தக் கணமே விடுதலை. இல்லாத இடம்தான் பேசுகிறது. இத்தனை எளிமையான கருவி இத்தனை குறைவாகப் புழங்குவது ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை. ஸ்லைடில் அழகாகத் தெரியாது என்பது காரணமாக இருக்கலாம்.

டொயோட்டா பள்ளிக்காரர் அட்டவணைகூடப் போடமாட்டார்; நேரே அந்தக் கடைக்குப் போய் நிற்பார். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ தன் நூலில் தரும் எடுத்துக்காட்டு நம் ஊர்த் தொழிற்சாலைகளில் ஒய்-ஒய் அனாலிசிஸ் கற்ற எல்லோருக்கும் தெரியும். மெஷின் நின்றது. ஏன்? பளு கூடி ஃப்யூஸ் போயிற்று. பளு ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. அது ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத்தூள் உள்ளே போயிற்று. முதல் ஏனோடு நின்றிருந்தால் ஃப்யூஸை மாற்றியிருப்பார்கள், சில மாதத்தில் அது மறுபடி போயிருக்கும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒவ்வொரு ஏனுக்கும் ஒரே விடை என்று வைத்துக்கொண்டு ஒற்றைக் கயிற்றில் இறங்குவது. அறைக்குள் உட்கார்ந்து ஐந்து ஏன் கேட்டால், ஐந்தாவது விடை அநேகமாக 'ஆபரேட்டருக்குப் பயிற்சி போதாது' என்றுதான் முடியும். ஒவ்வொரு ஏனுக்கும் மெஷினைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஏனுக்குப் போக வேண்டும் என்பதே அந்தப் பள்ளியின் உயிர்.

இந்தப் பள்ளிக்குப் பின்னால் புள்ளியியலும் உண்டு. பெல் நிறுவனத்தில் ஷூஹார்ட் 1924-இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழிவந்த பாடத்தை அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் 1950-இல் ஜப்பானியருக்கு நடத்தினார்; அடுத்த ஆண்டு முதல் அவர் பெயரில் பரிசு வழங்கப்படுகிறது. 1998-இல் அந்தப் பரிசை வாங்கிய முதல் இந்தியத் தொழிலகம் சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு. 2002-இல் டி.வி.எஸ். மோட்டார். எனவே தமிழ்நாட்டு மாணவர் இந்தக் கலையைக் கற்கக் கடல் தாண்டிய கம்பெனிகளின் வாசலில் மட்டும்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. பாடியிலும் ஓசூரிலும் ஓய்வுபெற்ற சூப்பர்வைசர்களைக் கேட்டாலே போதும்.

பள்ளிகளை எடைபோட அளவுகோல் எது? கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருப்பது என் கணக்கில் குறைந்தபட்சத் தகுதிதான். பலன் வந்ததா என்று திரும்பிப் பார்ப்பதே அளவுகோல். க்யூசி ஸ்டோரி என்று ஷாப் ஃப்ளோரில் சொல்லப்படும் வரிசையில், மாற்று நடவடிக்கைக்குப் பிறகு 'பலனைச் சரிபார்த்தல்' என்று தனியாக ஒரு படி உண்டு. ஆலோசகரின் வேலையோ பெரும்பாலும் பரிந்துரை ஸ்லைடோடு முடிந்துவிடும். பலன் வருமுன்பே பில் போய்விடும். ஆலோசனை மரபின் பெரிய குறை இதுதான். எதிர்வாதமும் நியாயமானது: ஒரு கம்பெனியை வாங்கலாமா என்ற கேள்வியை மெஷினைப் போல நிறுத்தி ஓட்டிப் பார்க்க முடியாது. அங்கே மரத்தைத் தவிர வேறு வழியில்லை, அதை நன்றாக வரைபவருக்கு நல்ல சம்பளம் கொடுப்பதும் தவறில்லை.

கல்லூரிகள் செய்வது வேறொரு தீமை. ஹார்வர்டில் 1921-இல் எழுதப்பட்ட முதல் கேஸ், ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றி ஒரே பக்கம். இன்றைய கேஸ்கள் பல பக்கம் நீள்கின்றன, ஆனால் அன்றும் இன்றும் சிக்கலை இன்னொருவர் எழுதித் தருகிறார். வேலையில் யாரும் அப்படித் தருவதில்லை. 'விற்பனை சரியில்லை' என்பார்கள், அவ்வளவுதான். எதைவிட, எந்த ஊரில், எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு என்று அதை ஒரே வாக்கியமாக்குவதற்குள் பாதி நாள் போய்விடும்.

புதிதாகக் கற்பவருக்கு நான் சொல்வது டொயோட்டாக்காரர்களின் ஏ3 தாள். சிக்கல், இன்றைய நிலை, இலக்கு, காரணம், நடவடிக்கை, பலன் எல்லாம் அந்த ஒரே தாளுக்குள், பென்சிலில். தன் வீட்டுக் கடையோ பயிற்சிக்குப் போன கம்பெனியோ, ஒன்றை எடுத்து எழுதட்டும். எழுதியதை முதலில் மேலாளரிடம் காட்ட வேண்டாம். அந்த மெஷினை ஓட்டுபவரிடம், அந்த மாவு பாக்கெட்டைக் கடையில் அடுக்குபவரிடம் காட்டட்டும். பெரும்பாலும் இரண்டாவது தாள் வேறொரு சிக்கலைப் பற்றியதாக இருக்கும்.