தப்பும் வர்த்தக வானொலியும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து

1998இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் பண்பலைகள் தோன்றிய பின்னர், இலங்கைத் தமிழ் வர்த்தக வானொலியில் திரைப்படவழி ஆட்டப்பாட்டும் சொல்லிசை எனப்படும் ஹிப்ஹொப்பும் அருகருகே இடம்பெறலாயின. முற்போக்கு விமர்சகர் சிலர் முன்னதைச் சீரழிவென ஒதுக்கிப் பின்னதை எதிர்ப்பிலக்கியமெனப் போற்றுவர். சொல்லை மட்டுமே கலையெனக் கொள்ளும் படித்த வர்க்கத்தின் பார்வை இது.

பசறை, தெமோதரை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து வினா வேறாகின்றது. அங்கு ஆட்டத்தின் அடித்தாளம் தப்பு. வைகறையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும் தப்பே. காமன்கூத்தில் அவர்களை ஆடவைத்ததும் அதுவே. துரைமாரின் கட்டளையையும் உழைப்போரின் களிப்பையும் ஒரே தோல் சுமந்தது. அதனை முழக்கியோர்மீது சாதியிழிவு சுமத்தப்பட்டிருந்தமையையும் மறைத்தலாகாது.

இத்தாளம் வானொலியில் ஒலிக்காமலில்லை. கோடம்பாக்கத்தின் குத்துப்பாட்டாக ஒலிக்கின்றது. பறையின் அடி பண்டமாகி, விளம்பரங்களுக்கிடையே பதுளை லயங்களுக்கே திரும்புகின்றது. முழக்கியவன் பெயர் வழியில் உதிர்ந்துவிட்டது.

ஹிப்ஹொப்பும் ஆட்டத்திற் பிறந்ததே. 1970களில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதி ஏழை இளைஞரின் ஆட்டக் களரிகளில் தாளமே முந்தியது. சொல் பின்னரே ஓங்கியது. கிரிஷான் மகேசனின் 'ஏசியன் அவெனியூ' (2006) போன்றவற்றால் அது ஈழத்துத் தமிழிலும் வேரூன்றியது. பாடுவோன் தன் பெயரையும் ஊரையும் உரைப்பது அதன் மரபு. தப்புக்காரனுக்கு வானொலி மறுத்தது இதனையே.

மறுப்புக்கு ரசனை மட்டும் காரணமன்று. சில நிமிடப் பாட்டுக்கு விளம்பரம் கிடைக்கும். பல இரவுகள் நீளும் காமன்கூத்துக்கு எவர் கொடுப்பார்?